கம்சலா கொண்டு போன சேதி

கம்சலாவிடம் ஒரு வேலையைச் சொன்னால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை நடக்காது. தண்ணீர்ப் பீலியில் குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்துக்கொண்டிருக்கும். அவள் பாட்டுக்கு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "ஏ புள்ள, தண்ணி போகுதுடி!" என்று பின்னால் நிற்கிறவள் கத்தினால்தான் இந்த உலகத்துக்கு வருவாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் சிரிப்பாள். ஏதென்சுக்குப் போயிருந்தேன் என்று சொன்னால் லயத்து வீடுகளில் யார் நம்பப் போகிறார்கள்?

நமுனுகுல மலைக்குக் கீழே, பசறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் வரும் ஒரு தோட்டம் அவளுடையது. வீட்டில் அவளும் அப்பா ஜெயராசாவும் மட்டும்தான். ஜெயராசா கவ்வாத்து வெட்டுகிறவர். வயசான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அது. கத்தி பேசும், ஆள் பேச மாட்டார். மகள் சாதாரண தரம் பாஸாகி, பசறையில் உயர்தரம் சேரப் போனபோதும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "என்னா பாடம்?"

"தமிழ், நாடகம், கிரேக்க உரோம நாகரிகம்."

"சரி."

அவர் சரி என்றுவிட்டார். ஊர் விடுமா? "புவியியல் எடுத்திருக்கலாமே", "கிரேக்கத்தப் படிச்சு என்னா, அங்க போயி கொழுந்தெடுக்கப் போறியா" என்று ஆளாளுக்கு ஒரு வார்த்தை. உண்மையைச் சொன்னால், கம்சலா புவியியலை விட்டதற்குக் காரணம் அவளுக்குப் படம் கீற வராது, அவ்வளவுதான். பெரிய ஆசை ஒன்றும் அப்போது இல்லை. ஆசை பிறகு வந்தது.

வகுப்பில் ஒன்பது பேர். பதுளையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நிரஞ்சலா டீச்சர் வந்து படிப்பித்துவிட்டு ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். மற்ற நாட்களில் போட்டோ கொப்பிதான் துணை. எந்தக் காலத்திலோ மட்டக்களப்பில் யாரோ எழுதிய நோட்ஸ், கொப்பிக்குக் கொப்பி எடுத்து எடுத்து மங்கிப் போயிருந்தது. கிரேக்க நடிகர்களின் முகமூடிப் படங்கள் வெறும் கறுப்பாகத் தெரிந்தன. வாய் மட்டும் வெள்ளையாகத் திறந்திருந்தது. கம்சலா அந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வாய்க்கும் மேலே ஒரு கண், ஒரு நெற்றி என்று தானாகவே வைத்துப் பார்ப்பாள். ஒன்றுக்குத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிற ஆளின் முகம் நன்றாகப் பொருந்தியது.

மலைச் சரிவை வெட்டிப் படிப்படியாக இருக்கை அமைத்து, கீழே வட்டமாக ஓர் ஆடுகளம் வைத்தார்கள் என்று படித்த நாளிலிருந்து தோட்டமே அவளுக்கு மாறிப் போனது. அவர்கள் லயத்துக்குக் கீழே உள்ள தேயிலைமலையும் அப்படித்தானே இறங்குகிறது? அடியில் பெரட்டுக் களம். விடிகாலையில் அங்கேதான் ஆட்களைக் கூப்பிட்டு எந்த மலைக்கு யார் போவது என்று பிரித்துவிடுவார்கள். மூடுபனி இறங்கிய காலைகளில், தலையில் கூடைக் கயிறு போட்டு வரிசையாக நிற்கிற பெண்களை மேலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, குரல்தான் வரும். பதினைந்து பேர் சேர்ந்து ஒரே குரலில் பேசும் கூட்டம் கிரேக்க நாடகத்தில் உண்டு. கம்சலா எண்ணிப் பார்ப்பாள். பதினாறு, பதினேழு என்று வந்துவிடும். அவளுக்கு வருத்தமாக இருக்கும்.

அவளோடு அந்த ஏதென்சில் குடியிருந்தவள் ஒருத்திதான்: பக்கத்து லயத்துத் தயானி. அவளுடைய அப்பா இராமையாவும் ஜெயராசாவும் ஒரே கவ்வாத்து மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டுகிறவர்கள். அம்மா பாக்கியலெட்சுமி கொழுந்தெடுக்கிறார். அண்ணன் ரமேஸ் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில். தயானி கனவுக்காரி இல்லை. வாயாடி. கிரேக்கத்தில் எதைப் படித்தாலும் அதில் ஒரு வம்பு கண்டுபிடிப்பாள். "பொம்பள வேசத்தயும் ஆம்பளதான் போட்டானாம்டி. அப்ப பொம்பளங்க என்னா பண்ணுனாங்களாம், சோறாக்குனாங்களா?"

ஏதென்சில் பிடிக்காத ஆளின் பெயரை ஓட்டுச் சில்லில் கீறிப் போட்டால், அதிகம் பேர் எழுதிய ஆளைப் பத்து வருசத்துக்கு ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள். அதைப் படித்த அன்று இருவரும் உடைந்த ஓட்டுத் துண்டில் ஆளுக்கொரு பெயர் எழுதித் தண்ணீர் ஓடும் கானுக்குள் போட்டார்கள். யார் பெயர் என்று இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் இருவரும் ஒரே பெயரைத்தான் எழுதியிருப்பார்கள் என்பது அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும்.

கம்சலா சத்தம் போட்டுத்தான் படிப்பாள். ஜெயராசா சுவரில் சாய்ந்து பிளேன்டீ குடித்தபடி கேட்பார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது. ஒருநாள் அவள் வாசித்தாள்: "தாயும் தந்தையும் இருவருமே ஏதெனியப் பிரசைகளாக இருந்தால் மாத்திரமே பிள்ளைக்குப் பிரசாவுரிமை உண்டு. ஏனையோர் எத்தனை தலைமுறை அங்கு வாழ்ந்து உழைத்தாலும் அந்நியரே."

ஜெயராசா கோப்பையைக் கீழே வைத்தார். "அங்கயுமா?" என்றார்.

அவருடைய அப்பா பிரசாவுரிமைப் பத்திரத்துக்காக அலைந்து அலைந்தே செருப்புத் தேய்ந்து போனவர். கம்சலாவுக்குச் சிரிப்பு வந்தது; பிறகு வராமல் போனது. அன்றைக்கு அவள் அதற்கு மேல் வாசிக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் இதுவும் எல்லாப் பாடத்தையும் போல ஒரு பாடம். தூதுவன் வந்துதான் அவளை உலுக்கிவிட்டான்.

கிரேக்க நாடகத்தில் பெரும்பாலும் மேடையில் யாரும் சாவதில்லை. அரண்மனைக்குள்ளே, காட்டிலே, கடற்கரையிலே என்று கண்மறைவில் எங்கேயோ சாவார்கள். பிறகு ஒரு தூதுவன் வருவான். அவனுக்குப் பெயர்கூட இருக்காது. வந்த உடனே சொல்லிவிடுவான்: இன்னார் இறந்து போனார். கேட்டவர்கள் அலறி முடித்து, "எப்படி?" என்பார்கள். அவன் கண்ணால் கண்டதையெல்லாம், முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றையும் ஒளிக்காமல் நின்று சொல்லுவான். அந்த வீட்டாருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டுப் போய்விடுவான்.

அதைப் படித்த கம்சலா கொப்பியை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் சாவதே இல்லை. எல்லோரும் 'சீரியஸ்'தான். மனுசன் செத்து, குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, தப்புக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிய பிறகும், வெளியூரில் இருக்கிற மகனுக்கு "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், ஒடனே கெளம்பி வா" என்றுதான் போன் போகும். வழியில் ஏதும் செய்துகொள்வான், தாங்க மாட்டான் என்ற கரிசனம். கரிசனந்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கரிசனத்தைப் பெற்றுக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர்களை யார் கேட்டார்கள்?

கம்சலாவுக்கு அப்போது ஒன்பது வயசு. நாலாம் வகுப்பில் இருந்தவளை மாமா வந்து கூட்டிப் போனார். "அம்மாவுக்குச் சீரியஸ்." த்ரீவீலில் போகும்போது அவள் கடையில் நிறுத்தச் சொன்னாள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று சீனிப் பணிஸ் ஒன்று கேட்டாள். மாமா வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் அவளையே பார்த்தார். வழியெல்லாம் அவள் அந்தப் பணிஸ் நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அம்மா எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துக்கொண்டே போனாள். லயத்து முடக்கில் திரும்பும்போது தப்புச் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவள் ஒருத்தியைத் தவிர. அம்மா எப்படிப் போனாள், என்ன சொன்னாள் என்று அதற்குப் பிறகும் யாரும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, மறந்துவிடும் என்று இருந்துவிட்டார்கள்.

அதனால்தான் பெரட்டுக் களத்தில் இருவரும் நாடகம் நடித்துப் பழகும்போது கம்சலா எப்போதும் தூதுவனாகவே வந்தாள். தலையணை உறையைத் தலையில் கட்டிக்கொண்டு ராணியாக நிற்பாள் தயானி. "நீ என்னாடி எப்பப் பாத்தாலும் அந்த ஆளாவே வர்ற? வர்ற, சொல்ற, போற. அதுல நடிக்க என்னா இருக்கு?"

"அதுதான்டி கஷ்டம்," என்பாள் கம்சலா. மூடுபனியில் அவள் மூன்று நிரை தள்ளிப் போய் நின்று, திரும்ப நடந்து வருவாள். நடந்து வரும் அந்த நேரம் அவளுக்குப் பிடிக்கும். சேதி அவளிடம் மட்டுமே இருக்கும் நேரம் அது.

நிஜமாகவே அந்த நேரம் வந்தது. கார்த்திகை மாசம், உயர்தரப் பரீட்சை. கிரேக்க உரோம நாகரிகம், இரண்டாம் பத்திரம்.

பரீட்சை மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதனால் கம்சலா தன் போனை எதிரில் உள்ள இத்ரூஸ் நானாவின் பலசரக்குக் கடையில் கொடுத்துவிட்டுப் போவாள். தயானிக்குப் போன் கிடையாது. பதினொன்றே முக்காலுக்கு இருவரும் வெளியே வந்தார்கள். தயானி துள்ளிக்கொண்டு வந்தாள். தூதுவனைப் பற்றியே கேள்வி வந்திருந்தது. "ரெண்டு பக்கம் எழுதிட்டேன்டி! நீ எத்தன பக்கம்?"

இத்ரூஸ் நானா போனை நீட்டும்போது கம்சலாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ஒங்க வாப்பா போன் எடுத்தாரு மகள். நாந்தான் பேசினேன். ஒடனே எடுங்க," என்றார். தயானியை அவர் பார்க்கவே இல்லை.

அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று கம்சலா எடுத்தாள். ஜெயராசாவின் குரல் கரகரத்தது. "இராமையா போயிட்டான். காலையில, மலையில வச்சே. தயானிகிட்ட சொல்லிராத. சீரியஸ்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வா. வெளங்குதா?" போன் நின்றுவிட்டது.

கம்சலா வெளியே வந்தாள். தயானி அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னாடி?"

"ஒங்கப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம். போகணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் வந்தது எது என்று அவளுக்கே உறைத்தது. இரண்டு வருசம் தூதுவனைப் படித்தவள், அவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்து பத்து நிமிசம் ஆகவில்லை. அவள் மேல் அவளுக்கே வெறுப்பு வந்தது.

தயானி மளமளவென்று வேலையில் இறங்கிவிட்டாள். "ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களா, வீட்டுலயா? நானா, நாலு தோடம்பழம் போடுங்க. நல்லதாப் பாத்து." இத்ரூஸ் நானா பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டார். காசை வாங்கவில்லை. "பொறகு பாத்துக்கலாம் மகள், போங்க," என்று உள்ளே திரும்பிக்கொண்டார்.

நமுனுகுல பஸ்ஸில் சன்னல் பக்கம் தயானி உட்கார்ந்தாள். மடியில் பை. மழை இல்லை, பனிதான் ரோட்டை மூடியிருந்தது, பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. தேயிலை, சவுக்கு மரம், ஒரு கோயில் கொடி எல்லாம் பக்கத்தில் வந்து வந்து இல்லாமல் போயின. தயானி பேசிக்கொண்டே வந்தாள். போன மாசமே நெஞ்சு எரியுது என்றாராம். இனிமேல் கவ்வாத்துக்கு அனுப்பக் கூடாதாம். தோட்டக்காவல் வேலை கேட்க வேண்டுமாம். "டொக்டர் என்னா சொன்னாராம்?"

"தெரியல."

"பேசுறாராமா?"

கம்சலா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு பொய் சொன்னால் போதும் என்றுதான் அப்பா நினைத்தார். அது போதாது, வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பொய் வேண்டும். முன் சீட்டுப் பெண் ஒருத்தி, இவர்கள் தோட்டத்துக்காரி, திரும்பித் திரும்பித் தயானியைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். பஸ்ஸுக்கே தெரியும். தயானி ஒரு பழத்தை வெளியே எடுத்து, கன்றிப் போயிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

கம்சலா எழுந்து மணியை அடித்தாள்.

"இங்க எறங்கி எங்க போகப் போறீங்க?" என்று கண்டக்டர் எரிந்து விழுந்தான். "வீடு கடைசிலதானே?"

"எறங்கணும்ணே. நிப்பாட்டுங்க."

பஸ் போன பிறகு ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மதகுக் கட்டில் தயானியை உட்கார வைத்தாள். "ஒரு நிமிசம் இரு," என்று சொல்லிவிட்டு இருபது அடி தள்ளிப் போய் அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, எப்படி நடந்துச்சு? நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே? மொதல்லருந்து சொல்லுங்க."

"கேக்கிற நேரமா இது? புள்ளயக் கூட்டிக்கிட்டு வா!"

"சொல்லுங்கப்பா. தெரியாம நான் அவகிட்டப் போக மாட்டேன்."

பிறகு ஜெயராசா சொல்லத் தொடங்கினார். வாழ்நாளில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசாத மனுசன், தொடங்கியவர் நிறுத்த முடியாமல் சொன்னார். கடைசியில் அவர் அழுதார். அப்பா அழுவதைக் கம்சலா அதற்கு முன் கேட்டதில்லை.

அவள் திரும்பி நடந்தாள். இருபது அடிதான். பனியில் தயானி மங்கலாகத் தெரிந்தாள், பிறகு முகம் தெரிந்தது. அந்த நடை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தயானி, ஒங்கப்பா செத்துப் போயிட்டாரு."

தயானி அவளை அடித்தாள். முதல் அடி தோளில், அடுத்தது கன்னத்தில். "பொய் சொல்றடி! சீரியஸ்னுதானே சொன்ன!" என்று கத்தினாள். பழங்கள் ரோட்டில் உருண்டு சரிவில் இறங்கிப் போயின. கம்சலா கையைத் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மதகில் சுருண்டு, மூச்சு முட்ட அழுது, வெகு நேரத்துக்குப் பிறகு தயானி தலையைத் தூக்கினாள்.

"எப்படி?"

கம்சலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலையில ஏழு மணிக்கு மலைக்குப் போயிருக்காங்க. ஒங்கப்பா ரெண்டு நிரை வெட்டிட்டாரு. எங்கப்பா ஒரு நிரைதான். 'என்னா ஜெயராசா, கெழவனாயிட்டியா'ன்னு கேலி பண்ணியிருக்காரு. ஒம்பது மணி போல தேத்தண்ணிக்கு ஒக்காந்தப்ப இடது கை மரத்துப் போச்சுன்னாரு. எங்கப்பா தேய்ச்சு விட்டிருக்காரு. அப்ப ஒங்கப்பா கேட்டாராம், புள்ளைங்களுக்கு இன்னைக்கு என்னா பாடம்னு. கிரேக்கம்னு சொல்லியிருக்காரு எங்கப்பா. அது எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டாராம். எங்கப்பாவுக்கு என்னா தெரியும்? கத்தியாலே இந்தப் பக்கம்னு காட்டியிருக்காரு."

"எந்தப் பக்கம்?"

"பதுளப் பக்கம்."

தயானியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. "அது பதுளடி," என்றாள்.

"ஆமா. ஒங்கப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டு, தூரமா இருக்கும்போலன்னு சொன்னாராம். அப்பறம் எங்கப்பா தோள்ல சாஞ்சுட்டாரு. அவ்வளவுதான். வலின்னு கத்தல. நாலு பேரு படங்குச் சாக்குல வச்சு ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க. லொறியில ஏத்துறதுக்கு முந்தியே உசுரு இல்ல. எங்கப்பா அவரு கைய விடல."

தயானி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொருக்கா சொல்லு," என்றாள். கம்சலா ஏழு மணியிலிருந்து மறுபடியும் சொன்னாள். மிச்சத் தூரத்தை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார்கள்.

லயத்து வாசலில் கூட்டம். பாக்கியலெட்சுமி மகளைக் கண்டதும் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டார். தயானிக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அவள் நடந்து வந்த விதத்திலேயே எல்லோரும் கண்டுகொண்டார்கள். சிலர் கம்சலாவை முறைத்தார்கள். "வாய அடக்கத் தெரியாதா இவளுக்கு," என்று ஒரு குரல் கேட்டது. ஜெயராசா சுவரோரம் குந்தியிருந்தார். கவ்வாத்துக் கத்தி இன்னும் இடுப்பில் இருந்தது. அவர் மகளைத் திட்டவுமில்லை, பார்க்கவுமில்லை.

அந்த நேரத்தில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கொழும்புக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா ரமேசு. அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். பயப்படாத. ஒடனே பஸ் ஏறு."

தயானி அம்மாவின் கையை விலக்கிவிட்டுப் போய் அவர் கையிலிருந்த போனை வாங்கினாள். கூட்டம் பதறியது. "ஏ புள்ள, சொல்லாத! அவன் தனியா அம்புட்டுத் தூரம் வரணும்!"

"அண்ணே, நாந்தான். ஒம்பக்கத்துல யாரு இருக்கா? ஒங்கூட கடையில வேல செய்ற நிரோஷனா? அவன் கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காரு." அவள் ஒரு மூச்சு எடுத்தாள். "அண்ணே, அப்பா செத்துப் போயிட்டாரு."

போனுக்குள்ளிருந்து வந்த அலறல் வாசல் முழுக்கக் கேட்டது. தயானி காதைவிட்டு அதை எடுக்கவில்லை. அலறல் ஓய்கிறவரை நின்றாள். "ஆமாண்ணே. சொல்றேன். மொதல்லருந்து சொல்றேன் கேளு. காலையில ஏழு மணிக்கு மலைக்குப் போயிருக்காங்க. அப்பா ரெண்டு நிரை..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. வாய் திறந்தே இருந்தது, சத்தம் இல்லை. கம்சலா ஓரடி எடுத்து வைத்தாள்.

அதற்குள் ஜெயராசா எழுந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தயானியின் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக் காதில் வைத்தார்.

"தம்பி, ஜெயராசா மாமா பேசுறேன். நான் பக்கத்துலதான் இருந்தேன். கேட்டுக்க," என்றார்.